சமூகப்பணிப் பட்டமும் கிராமப் பஞ்சாயத்தும்

(ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய பயிற்சி முகாமொன்றில் சமூகப்பணி ஆசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமூகப்பணி முதுநிலைப் பட்டப் படிப்பின் விதிகளைப் பற்றியும், அதன் பாடத்திட்டத்தில் நிகழ்ந்துவரும் மாறுதல்களைப் பற்றியும் உங்கள் முன் பேசவேண்டும் என்று இம்முகாமின் அமைப்பாளர்கள் என்னைப் பணித்தார்கள். பல்கலைக்கழகத்தில் தீர்மானிக்கப்படும் ஒரு பாடத்திட்டத்திற்கும், வாய்க்கால் தூர்வாருவது எப்போது, தெருவிளக்குக் கட்டணம் செலுத்துவது எப்படி என்ற கவலைகளோடு இங்கு வந்திருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று உங்களிற் சிலர் எண்ணக்கூடும். அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால், மருத்துவம் கற்கும் மாணவனுக்கு ஆஸ்பத்திரி எவ்வாறோ, வேளாண்மை கற்பவனுக்கு வயல் எவ்வாறோ, அவ்வாறே சமூகப்பணி கற்கும் மாணவனுக்கு உங்கள் ஊரே வகுப்பறையாகும். ஆஸ்பத்திரியைக் கலந்துகொள்ளாமல் மருத்துவப் படிப்பை யாரும் திருத்துவதில்லை. உங்கள் ஊரைக் கலந்துகொள்ளாமலோ, இந்தப் படிப்பு பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. இப்பொழுது மறுபடியும் திருத்தப்பட்டு வருகிறது. இத்திருத்தத்தில், மாணவன் உங்கள் ஊரில் செலவிடும் நாட்கள் பாதியாகக் குறைந்துபோகக்கூடிய ஒரு வழி திறந்திருக்கிறது. அந்நாட்கள் குறையாமற் காப்பதில் பஞ்சாயத்துக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

முதலில், இந்தப் படிப்பு எத்தகையது என்பதைச் சொல்லிவிடுகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. என்று மூன்றெழுத்தில் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏதேனும் ஒரு பாடத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவர் எவரும் இதற்கு விண்ணப்பிக்கலாம். கணிதம் படித்தவரும் வரலாறு படித்தவரும் வணிகவியல் படித்தவரும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளில் பட்டத் தேர்வில் ஏறக்குறைய 50 விழுக்காடு மதிப்பெண்கள் கேட்கிறார்கள். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு இதில் தளர்வு உண்டு. சில இடங்களில் நுழைவுத் தேர்வும் நேர்முகத் தேர்வும் வைக்கிறார்கள். படிப்பு இரண்டு ஆண்டு, நான்கு பருவங்கள். தனி மனிதனின் துயரத்தை அணுகும் முறை, குழுக்களை இயக்கும் முறை, ஒரு சமுதாயத்தை ஒன்றுகூட்டிச் செயற்படவைக்கும் முறை, ஆராய்ச்சி, நிர்வாகம், சமூகச் செயற்பாடு என்பன பாடங்கள்.

இவையெல்லாம் பாதிதான். மற்றப் பாதி களப்பணி. வாரத்தில் இரண்டு நாள் மாணவன் கல்லூரியை விட்டு வெளியேறி, ஓர் ஆஸ்பத்திரிக்கோ, குழந்தைகள் இல்லத்துக்கோ, தொண்டு நிறுவனத்துக்கோ, ஒரு கிராமத்துக்கோ சென்று வேலை செய்யவேண்டும். அன்றன்று செய்ததை எழுதி ஆசிரியரிடம் காட்டவேண்டும். ஆசிரியர் அதனைப் படித்து, ‘இந்தப் பெண்மணி அழுதபோது நீ ஏன் பேச்சை மாற்றினாய்?’ என்று கேட்பார். ‘தலைவர் சொன்னதை எழுதியிருக்கிறாய், தலைவருடைய மனைவி சொன்னதை எங்கே?’ என்று கேட்பார். இவ்வாறு வாரந்தோறும் கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தொழில் ஒருவனுக்குக் கைவருகிறது. ஏர் பிடிக்கும் முறையைப் புத்தகத்தில் படித்தவன் ஏர் பிடிக்க முடியாது என்பதை நான் உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இவற்றோடு ஆண்டில் ஒரு வாரமோ பத்து நாளோ கிராம முகாம் உண்டு. படிப்பின் இறுதியில் ஒரு மாத அளவுக்கு ஓரிடத்திலேயே தங்கிப் பயிலும் ஏற்பாடும் பல கல்லூரிகளில் உண்டு.

இந்தப் படிப்பு நம் நாட்டில் எங்கே பிறந்தது என்று பார்த்தால், அதன் பல குணங்களுக்குக் காரணம் விளங்கும். 1936ஆம் ஆண்டில் பம்பாயில், சர் தோராப்ஜி டாட்டாவின் பெயரால் அமைந்த அறநிதியிலிருந்து, இந்தியாவின் முதலாவது சமூகப்பணிக் கல்லூரி தொடங்கப்பட்டது. பம்பாய் நாக்பாடா பகுதியில் ஏழைத் தொழிலாளர்களிடையே சேவை நிலையம் நடத்திவந்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட் என்னும் அமெரிக்கர் அதன் முதல் தலைவர். அது 1944இல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்று பெயர் பெற்றது. மில் தொழிலாளரின் நெரிசல் மிகுந்த குடியிருப்பும், நகரத்து ஆஸ்பத்திரியும், சிறுவர் நீதிமன்றமும் அதன் களங்களாயின. அந்த நகருக்கு அவை பொருத்தமானவையே. ஆனால், மற்ற ஊர்களில் பின்னர்த் தோன்றிய கல்லூரிகளும் பெரும்பாலும் அந்த அச்சையே கைக்கொண்டன. அமெரிக்க நூல்களே பாடநூல்களாயின.

மான்ஷார்ட்டுக்குப் பின் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றவர் ஜே.எம். குமரப்பா. அவருடைய சகோதரர்தான் தஞ்சையிற் பிறந்த ஜே.சி. குமரப்பா. காந்தியடிகளோடு வார்தாவில் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். தம் இறுதி நாட்களை மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டியில் கழித்து, 1960இல் மறைந்தவர். ஒரு சகோதரர் நகரத்தில் சமூகப்பணியைக் கல்வியாக்கினார். மற்றவர் செக்கும் தறியும் எருவும் பற்றிக் கிராமங்களில் ஆராய்ந்தார். அவ்விருவருடைய வேலையும் ஒரே பாடத்திட்டத்தில் சரிபாதியாகச் சேர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. அது வேறு கதை, விஷயத்துக்கு வருகிறேன்.

1952ஆம் ஆண்டு நமக்கு முக்கியமானது. அந்த ஆண்டில்தான் திருமதி மேரி கிளப்வாலா ஜாதவ் அவர்களின் முயற்சியால் சென்னை சமூகப்பணிக் கல்லூரி பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி, காந்தி ஜயந்தியன்று, நாடெங்கும் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பட்டது. வட்டார வளர்ச்சி அலுவலர், கிராம சேவகர், விரிவாக்க அலுவலர் என்ற பெயர்களெல்லாம் நம் ஊர்களில் வழங்கத் தொடங்கியது அத்திட்டத்தால்தான். கல்லூரியும் திட்டமும் ஓராண்டுக் குழந்தைகள். ஆயினும் அவை ஒன்றாக வளரவில்லை. கிராம சேவகர்களுக்குத் தனிப் பயிற்சி நிலையங்கள் அமைந்தன. சமூகப்பணிப் பட்டதாரிகளோ பெருமளவில் வேறு பக்கம் சென்றார்கள்.

எந்தப் பக்கம் என்பதற்கு ஒரு சட்டம் பதில் சொல்கிறது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 தொழிலாளருக்குக் குறையாத ஒவ்வோர் ஆலையிலும் தொழிலாளர் நல அதிகாரி இருக்கவேண்டும் என்று விதித்தது. அந்த உத்தியோகத்துக்குச் சமூகப்பணிப் படிப்பு ஒரு தகுதியாயிற்று. உடனே மாணவர்கள் தொழிலாளர் நலம், ஆலை நிர்வாகம் என்ற பிரிவுகளை நாடினார்கள். கல்லூரிகளும் அப்பிரிவுகளை வளர்த்தன. இதில் மாணவர்களைக் குறை கூறுவது நியாயமன்று. குடும்பத்தைக் காப்பாற்றவேண்டியவன் சம்பளம் உள்ள இடத்துக்கே போவான். ஆனால், கிராமத்தில் இத்தனை பேருக்கு ஒரு சமூகப்பணியாளர் இருக்கவேண்டும் என்று அன்றைக்கே ஒரு சட்டம் விதித்திருக்குமானால், பாடத்திட்டமும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும் அல்லவா? பாடத்திட்டம் என்பது பேராசிரியர்களின் அறிவினால் மட்டும் அமைவதன்று. உத்தியோகம் எங்கே இருக்கிறது என்பதும் அதை எழுதுகிறது.

இதற்கு மாறான முயற்சிகளும் நடந்தன. டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் ஜி. ராமச்சந்திரன் அவர்களும் 1947இல் நிறுவிய காந்திகிராமத்தில், 1956இல் கிராமிய உயர்கல்வி நிலையம் அமைந்தது. 1976இல் அது பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. சமூகப்பணி மாணவர்கள் மட்டுமல்லாமல் பிற பாடம் கற்பவர்களும் ஒரு கிராமத்தில் சில நாட்கள் தங்கி வரவேண்டும் என்னும் ஏற்பாடு அங்கே இருந்துவருகிறது. கற்பவன் கிராமத்துக்குப் போவது படிப்பின் ஓரத்தில் ஒட்டிய காரியமன்று, படிப்பே அதுதான் என்ற எண்ணத்தை அங்கே காணலாம்.

நாட்டின் பிற கல்லூரிகளைப் பொறுத்தவரையில், மேல்நாட்டுச் சாயல் மிகுந்திருக்கிறது, கிராமம் போதாது என்ற குறையைப் பல்கலைக்கழக மானியக் குழு அமைத்த ஆய்வுக் குழுக்களே சென்ற நூற்றாண்டிற் பேசின. 2001இல் அக்குழு ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தையும் வெளியிட்டது. ஆனால், மாதிரி என்பது மாதிரிதான். எந்தப் பல்கலைக்கழகமும், தன்னாட்சிக் கல்லூரியும் தனக்கேற்றவாறு அதைக் கூட்டவும் குறைக்கவும் உரிமை உடையது. வழக்கறிஞருக்குப் பார் கவுன்சில் இருப்பதுபோலவோ, மருத்துவருக்கு ஓர் ஆணையம் இருப்பதுபோலவோ, சமூகப்பணி முழுமைக்கும் இத்தனை மணி களப்பணி கட்டாயம் என்று விதித்துக் கண்காணிக்கும் அமைப்பு நம் நாட்டில் அமையவில்லை.

இப்பொழுது நடப்பிலுள்ள மாறுதலைச் சொல்கிறேன். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பல்கலைக்கழக மானியக் குழு 2024இல் முதுநிலைப் படிப்புகளுக்கு ஒரு புதிய கட்டமைப்பை வெளியிட்டது. மூன்றாண்டு இளநிலை படித்தவருக்கு முதுநிலை இரண்டு ஆண்டு. நான்காண்டு இளநிலை படித்தவருக்கு முதுநிலை ஓராண்டே போதும் என்பது அதன் சாரம். நம் மாநிலப் பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கமாக இருப்பதால், இரண்டாண்டுப் படிப்பு உடனே மறைந்துவிடப் போவதில்லை. ஆனால், ஓராண்டுப் படிப்புக்குக் கதவு திறந்துவிட்டது. வேறிடத்தில் ஓராண்டில் ஒரு பட்டம் கிடைக்கும்போது, இங்கே இரண்டாண்டு எதற்கு என்ற கேள்வி நாளை வரும்.

விவசாயிகளுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். ஆகையால் கணக்காகவே சொல்கிறேன். ஒரு பருவத்துக்குப் பதினைந்து வாரம் என்று வைத்துக்கொள்வோம். வாரம் இரண்டு நாளாக ஒரு பருவத்துக்கு 30 நாள். நான்கு பருவத்துக்கு 120 நாள். நாளுக்கு ஏழு மணி நேரமானால் 840 மணி. ஓராண்டாகச் சுருங்கினால் 60 நாள், 420 மணி. அமெரிக்காவில் இப்படிப்புகளுக்கு அங்கீகாரம் வழங்கும் கவுன்சில், முதுநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 900 மணி களப்பணி வேண்டும் என்று விதித்திருக்கிறது. அங்கேயும் சிலருக்குக் காலச் சலுகை உண்டு; ஆனால் இளநிலையிலேயே சமூகப்பணி கற்றவர்களுக்குத்தான் அச்சலுகை. அந்த இளநிலையிலும் 400 மணிக்குக் குறையாமல் களத்தில் வேலை செய்திருக்கவேண்டும். அவர்களுடைய நூல்களை நாம் எண்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கடன் வாங்கிவந்திருக்கிறோம். இந்த விதியையும் கடன் வாங்கினால் குற்றமில்லை.

ஓராண்டுப் படிப்பு கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இளநிலையிற் சமூகப்பணி படித்து, களப்பணி நாட்களைப் பதிவேட்டில் காட்டக்கூடிய மாணவனுக்கு ஓராண்டு குறைப்பது நியாயமே. ஏழைக் குடும்பத்துக்கு ஓராண்டுச் செலவு மிச்சமாகிறது. அந்தப் பதிவு இல்லாதவனுக்கு நாட்களைக் குறைக்கக்கூடாது என்பதே என் கருத்து. வகுப்பறைப் பாடத்தை வேண்டுமானால் சுருக்கலாம். ஒரு கோட்பாட்டை நான்கு மணியில் சொல்வதை இரண்டு மணியிற் சொல்லிவிட முடியும். ஓர் ஊரின் நம்பிக்கையைப் பெறுவதற்கு ஆகும் காலத்தை அவ்வாறு சுருக்க முடியாது. முதல் மாதம் உங்கள் ஊரார் மாணவனுக்குத் தேநீர் கொடுத்து, நல்ல செய்திகளை மட்டும் சொல்லி அனுப்புவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உண்மை பேசத் தொடங்குவது மூன்றாவது மாதத்தில்.

இனி, உங்கள் ஊரில் இதுவரை நடந்துவருவதைப் பற்றிப் பேசுவோம். இதில் கல்லூரிகளின் மேல் நியாயமான குறைகள் உண்டு. அவற்றை நீங்கள் சொல்லத் தயங்குவதால் நானே சொல்லிவிடுகிறேன். முன்னாளில் கிராம முகாம் என்றால் சிரமதானம். மாணவர்கள் மண்வெட்டி எடுத்துப் பாதை போட்டார்கள், குளக்கரையை உயர்த்தினார்கள். ஊராரும் கூட நின்று மண் சுமந்தார்கள். இப்பொழுது பல முகாம்களில் விழிப்புணர்வு ஊர்வலம் நடக்கிறது. காலை பத்து மணிக்கு, ஊரில் கிழவர்களும் கோழிகளும் மட்டும் இருக்கும் வேளையில், பிளாஸ்டிக்கை ஒழிப்போம் என்ற பதாகையோடு நாற்பது பேர் தெருவைச் சுற்றி வருகிறார்கள். புகைப்படம் எடுத்துக்கொள்கிறார்கள். நடவுக்குப் போனவர்கள் மாலையில் திரும்பும்போது பதாகைகள் பஸ் ஏறிவிடுகின்றன.

மற்றொன்று, கணக்கெடுப்பு. இது சமூகப்பணி மாணவர்களோடு நிற்பதில்லை. 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தின்கீழ் கல்லூரிகள் ஐந்தைந்து கிராமங்களைத் தத்தெடுத்தன. எல்லாப் பட்டப் படிப்புகளிலும் சமுதாயத் தொடர்பு என்ற 2 மதிப்பலகுப் பாடத்தைச் சேர்க்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு வழிகாட்டியது. நோக்கம் நல்லதே. ஆனால் விளைவு என்ன? சாலையோரமாக, பஸ் வசதியோடு, கல்லூரிக்கு அருகில் உள்ள ஊர் எதுவோ, அதற்கே எல்லோரும் போகிறார்கள். வீட்டில் எத்தனை பேர், வருமானம் எவ்வளவு, கழிப்பறை உண்டா என்று ஆண்டுதோறும் அதே கேள்விகள். நான் மாணவர்களோடு சென்றிருந்த ஓர் ஊரில், வாசலில் அமர்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்த முதிய பெண்மணி ஒருவர், எங்கள் மாணவன் நோட்டைத் திறந்ததும் நிமிர்ந்து பார்த்து, ‘போன வருஷம் எழுதிக்கொண்டு போன நோட்டு என்ன ஆயிற்று, தம்பி?’ என்று கேட்டார். அந்த மாணவனுக்கு விடை தெரியவில்லை. வேறொரு கல்லூரியின் நோட்டு அது. அந்த அம்மாளுக்கு எல்லா நோட்டும் ஒன்றுதான்.

அந்த நோட்டு எங்கே போகிறது என்று நான் சொல்கிறேன். அது பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, மதிப்பெண் இடப்பட்டு, கல்லூரி அலமாரிக்குள் வைக்கப்படுகிறது. யாருடைய வாழ்வைப் பற்றி எழுதப்பட்டதோ, அவரால் படிக்க முடியாத மொழியில், அவருக்கு எட்டாத அலமாரியில் அது இருக்கிறது. நம் மாணவர்களில் பலர் தம் குடும்பத்தின் முதற் பட்டதாரிகள். உங்களைப் போன்றோரின் பிள்ளைகள். உங்கள் பேச்சை உள்ளபடி தமிழில் அழகாக எழுதக்கூடியவர்கள். அதைத் திருகி ஆங்கிலத்தில் எழுதும்போது, ‘கூலி கேட்டதற்கு வரப்பில் நடக்கவிடவில்லை’ என்று ஒருவர் சொன்னது, ‘சமூக உறவில் சிக்கல்’ என்பதற்கு நேரான ஓர் ஆங்கிலச் சொற்றொடராகிவிடுகிறது. உயிர் போய்விடுகிறது. மேற்படிப்புக்கு ஆங்கிலம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. களப்பணிக் குறிப்பு தமிழில் இருக்கவேண்டும்.

கிராமத்தில் மாணவன் எதைக் கற்கவேண்டும்? கிராம சபையைக் கற்கவேண்டும். முன்பு ஆண்டுக்கு நான்கு முறை கூடிவந்த கிராம சபை, 2022 முதல் நம் மாநிலத்தில் ஆறு முறை கூடவேண்டும் என்றாயிற்று. 1993இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புத் திருத்தமும் 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் பாடப்புத்தகத்தில் இருக்கின்றன. ஆனால், ஒரு கூட்டத்தில் யார் முன்வரிசையில் அமர்கிறார்கள், யார் மரத்தடியில் நிற்கிறார்கள், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து எப்போது வாங்கப்படுகிறது என்பவற்றை உட்கார்ந்து பார்த்தாலன்றி அறிய முடியாது. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் உரிமையாக்கியது. வருகைப் பதிவேட்டையும் வங்கிப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கற்ற மாணவன், கூலி வராத தாய்க்கு அன்றே பயன்படுவான். முதியோர் உதவித்தொகை மறுக்கப்பட்டவரின் மனுவை எங்கே, எந்த ஆவணத்தோடு கொடுப்பது என்று அறிந்தவன் பயன்படுவான். பத்தாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று தெரிந்தால் யாரிடம் எவ்வாறு பேசுவது, குடியினால் குலைந்த குடும்பத்துக்குள் எந்த நேரத்தில் நுழைவது, எந்த நேரத்தில் நுழையக்கூடாது என்பவையெல்லாம் இந்தத் தொழிலின் உண்மையான பாடங்கள்.

இன்னொரு பாடமும் உண்டு. முகாமுக்கு வரும் மாணவர்களை எங்கே தங்கவைக்கிறோம்? பெரும்பாலும் ஊர்த் தெருப் பள்ளியில். சமையலுக்கு யார் வருகிறார்கள்? முதல் நாள் யார் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறோம்? ஆதிதிராவிடர் குடியிருப்புக்கு எத்தனையாவது நாள் போகிறார்கள்? மாணவர்கள் இதையெல்லாம் கவனிக்கிறார்கள். கவனிக்கவேண்டும் என்று நாங்களே சொல்லி அனுப்புகிறோம். ஒரு சமூகப்பணியாளன் ஊரில் முதலில் எந்தத் திண்ணையில் அமர்ந்தான் என்பதை அந்த ஊர் மறப்பதில்லை. முகாமைத் தொடங்குவதற்கு முன்பே இரு குடியிருப்பின் பெரியவர்களையும் பெண்களையும் ஒரே பாயில் அமர்த்திப் பேசும் பஞ்சாயத்து, மாணவனுக்குக் கல்லூரி கற்பிக்க முடியாத ஒன்றைக் கற்பிக்கிறது.

கூட்டத்துக்கு முன் ஒரு விவசாயி என்னைத் தனியே அழைத்து, ‘என் மகள் இதைப் படிக்கலாமா, ஐயா? வேலை கிடைக்குமா?’ என்று கேட்டார். மறைக்காமல் சொல்கிறேன். ஆஸ்பத்திரிகளில், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவுகளில், மகளிர் சுயஉதவிக் குழுத் திட்டங்களில், தொண்டு நிறுவனங்களில் வேலைகள் உண்டு. அவற்றிற் பல ஒப்பந்த வேலைகள்; சம்பளம் அதிகமென்று சொல்ல மாட்டேன். நிரந்தர வருமானம் ஒன்றையே நோக்கிப் படிப்பவருக்கு இது ஏற்றதன்று. மனநல மருத்துவச் சமூகப்பணியாளர் ஆக விரும்பினால் இன்னும் படிக்கவேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், சமூகப்பணி முதுநிலைப் பட்டத்துக்கு மேல் அத்துறையில் எம்.ஃபில். பட்டமும் கேட்கிறது. 2022இல் பல்கலைக்கழக மானியக் குழுவோ எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது; பின்னர் இத்துறைக்குச் சில ஆண்டுகள் விலக்கு அளிக்கவேண்டியதாயிற்று. ஒரு கை கேட்பதை மறு கை நிறுத்தினால் மாணவர் என்ன செய்வார்? ஆகவே, சேருமுன் அந்த ஆண்டின் விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தொலைநிலைக் கல்வி வழியாகவும் இப்பட்டம் வழங்கப்படுகிறது. எந்த வழியிற் சேர்ந்தாலும், ‘களப்பணி எத்தனை நாள்? எந்த ஊரில்? மேற்பார்வையாளர் யார்? அவர் அந்த ஊருக்கு எத்தனை முறை வருவார்?’ என்ற நான்கு கேள்விகளையும் கேளுங்கள். விடை தெளிவாக வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

அடுத்து, பஞ்சாயத்து என்ன செய்யலாம் என்பது. தன்னாட்சிக் கல்லூரிகளில் ஒவ்வொரு துறைக்கும் பாடத்திட்டக் குழு ஒன்று உண்டு. பாடத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அங்கேதான். மானியக் குழுவின் விதிப்படி, தொழில் துறையிலிருந்தோ அதனோடு தொடர்புடைய துறையிலிருந்தோ ஒரு பிரதிநிதி அதில் இருக்கவேண்டும். பொறியியல் துறையில் ஆலைக்காரர் அந்த நாற்காலியில் அமர்வது பொருத்தம். சமூகப்பணித் துறையில் அந்த நாற்காலியில் யார் அமரவேண்டும்? பல இடங்களில் ஒரு கம்பெனியின் மனிதவள அதிகாரி அமர்கிறார். கிராம வளர்ச்சிப் பிரிவை நடத்தும் ஒவ்வொரு கல்லூரியிலும், மாணவரை ஏற்றுப் பயிற்றுவித்த அனுபவமுள்ள ஒரு பஞ்சாயத்துத் தலைவருக்கு இடம் தரவேண்டும் என்பது என் யோசனை. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் நம் உள்ளாட்சிகளிற் பாதி இடம் பெண்களுக்கு உரியதாயிற்று. அங்கே அமர்வது ஒரு பெண் தலைவராக இருந்தால், களப்பணி நாட்களைக் குறைக்கலாமா என்ற கேள்வி வரும்போது, அது வேறு விதமாகப் பேசப்படும். ‘எனக்குப் பட்டப்படிப்பு இல்லையே’ என்று நீங்கள் தயங்கவேண்டாம். பாடத்தை எழுதுவதற்கன்று உங்களை அழைப்பது. களம் என்ன கேட்கிறது என்று சொல்வதற்கே.

பஞ்சாயத்து அலுவலகத்திலேயே செய்யக்கூடியது இன்னொன்று. ஊருக்கு வரும் எல்லாக் கல்லூரிக்கும் பொதுவாக ஒரு பதிவேடு வையுங்கள். எந்தக் கல்லூரி, எத்தனை பேர், எந்தத் தேதி முதல், எதைக் கேட்க வந்தார்கள், அறிக்கை திரும்ப வந்ததா என்பவற்றை அதில் எழுதுங்கள். முன்னமே எடுத்த கணக்கை மறுபடி எடுக்க வருபவர்களிடம் பழைய அறிக்கையைக் கொடுத்து, ‘இதற்கு மேல் ஆகவேண்டியதைப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள். மாணவனை வரவேற்று மாலை போடவேண்டாம். அது அவனுக்கும் சங்கடம், உங்களுக்கும் செலவு. அவனுக்கு ஒரு வேலையைக் கொடுங்கள். பருவம் முடியும்போது அவனைப் பற்றி நான்கு வரி எழுதிக் கல்லூரிக்கு அனுப்புங்கள். சொன்ன நாளில் வந்தானா, கேட்ட உதவியைச் செய்தானா, எல்லாத் தெருவுக்கும் போனானா என்று எழுதினாற் போதும். ஆசிரியர்களாகிய எங்களுக்கு அதைக் காட்டிலும் பயனுள்ள மதிப்பெண் பட்டியல் வேறில்லை.

கல்லூரிகளில் புதிய ஆண்டு தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஆகஸ்டு 15ஆம் தேதிக் கிராம சபை வருகிறது. களப்பணிக்கு ஊர்களைத் தேடும் நேரமும் அதுவே. அன்றைய கூட்டத்தில் வைப்பதற்கு ஒரு தீர்மான வாசகத்தை எழுதி வந்திருக்கிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றவாறு திருத்திக்கொள்ளலாம்.

‘இவ்வூராட்சியிற் களப்பணி செய்ய வரும் கல்லூரி மாணவர்கள் குறைந்தது இரண்டு பருவங்கள் தொடர்ந்து வரவேண்டும் என்றும், அவர்கள் தயாரிக்கும் அறிக்கையின் தமிழ்ப் படி ஒன்றை ஊராட்சி அலுவலகத்தில் ஒப்படைத்து அடுத்த கிராம சபையில் வாசிக்கவேண்டும் என்றும், தனி மனிதரின் பெயரும் குடும்ப விவரமும் அவ்வறிக்கையில் வெளிப்படக்கூடாது என்றும் இச்சபை தீர்மானிக்கிறது.’

கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். ஒரு வீட்டுத் துயரத்தை மாணவன் நோட்டில் எழுதலாம். அதைச் சபையில் வாசிக்கலாகாது. இதன் படிகள் மேசையின்மேல் இருக்கின்றன. கேள்விகளைக் கேட்கலாம், பின்வரிசையில் இருக்கும் தாய்மார்களிடமிருந்து முதலில் தொடங்குவோம்.